கனாபிடியோல்: கூடவே கொடுக்கும் மருந்துகளையும் கவனியுங்கள்

லண்டனில் குழந்தைகள் நரம்பியல் பிரிவில் மருந்தாளராக வேலை பார்க்கிறேன். கனாபிடியோலும் குளோபாசம் என்ற வலிப்பு மருந்தும் சேர்ந்து வரும் மருந்துச் சீட்டை எப்போதும் இருமுறை படிப்பேன்.

கஞ்சாச் செடியில் உள்ள, போதை தராத பொருள் கனாபிடியோல். டிராவெட், லெனாக்ஸ்-காஸ்டோ என்ற கடுமையான வலிப்பு நோய்களுக்கு இதை 2018-இல் அமெரிக்காவும் 2019-இல் ஐரோப்பாவும் அனுமதித்தன. பல குழந்தைகளுக்கு வலிப்பு குறைகிறது. ஆனால் அவர்கள் ஏற்கெனவே இரண்டு மூன்று மருந்து சாப்பிடுபவர்கள்.

குளோபாசம் கல்லீரலில் இன்னொரு பொருளாக மாறும். அதற்கும் வலிப்பை அடக்கும் சக்தி உண்டு. அதைச் சிதைக்கும் நொதியைக் கனாபிடியோல் தடுப்பதால், ரத்தத்தில் அதன் அளவு சுமார் மூன்று மடங்கு ஏறும். சாப்பாட்டுத் தட்டின் முன்னாலேயே குழந்தை தலை தொங்கித் தூங்கிவிடும், எச்சில் வடியும். புது மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று பெற்றோர் பயப்படுவார்கள். பல சமயம் மருத்துவர் குறைப்பது குளோபாசத்தைத்தான்.

வால்ப்ரோயேட் என்ற இன்னொரு வலிப்பு மருந்தில் சிக்கல் வேறு. அதுவும் கனாபிடியோலும் சேர்ந்தால் கல்லீரல் நொதிகள் உயரும் வாய்ப்பு அதிகம். அதனால் ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடவே கூடாது.

உணவும் முக்கியம். கனாபிடியோலைக் கொழுப்பு மிகுந்த சாப்பாட்டோடு கொடுத்தால், வெறும் வயிற்றில் கொடுப்பதைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு மருந்து உடலில் சேரும். தினமும் ஒரே மாதிரி கொடுங்கள்.

கடையில் வாங்கிய கனாபிடியோல் எண்ணெய் கொடுத்திருந்தாலும் மருத்துவரிடம் மறைக்காதீர்கள். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டோம். எந்த வலிப்பு மருந்தையும் நீங்களாகத் திடீரென்று நிறுத்தாதீர்கள். வலிப்பு விடாமல் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.