பொருளும் பண்பும்: பி.எச்.பி. மொழியில் ஓர் அறிமுகம்

ஈழத்துத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் மலர்களையும் எண்ணிம வடிவில் பேணிவரும் நூலகம் இணையத்தளம் 2005இல் தொடங்கப்பட்டது. அதனைத் தாங்கி நிற்கும் மீடியாவிக்கி மென்பொருள், பக்கங்களை ஆக்கி அனுப்பும் கணினியாகிய வழங்கியில் இயங்கும் பி.எச்.பி. என்னும் நிரல்மொழியில் எழுதப்பட்டதாகும். ரஸ்மஸ் லேர்டோர்ஃப் 1995இல் வெளியிட்ட இம்மொழியில், தொடர்புடைய தரவுகளை ஒன்றாகக் கட்டிவைக்கும் அலகு ‘பொருள்’ எனவும், அதனுள் பெயரிட்டு வைக்கப்படும் ஒவ்வொரு தரவும் ‘பண்பு’ எனவும், ஒரு பொருளுக்குரிய பண்புகளை முன்கூட்டியே வரையறுக்கும் அச்சு ‘வகுப்பு’ எனவும் வழங்கும்.

ஊர்காவற்றுறையை அடுத்த நாரந்தனையில் வெளியான கோயில் மலர் ஒன்றைப் பதிவதற்கான வகுப்பில், தலைப்பும் ஆண்டும் மட்டுமே அறிவிக்கப்பட்டுள்ளன எனக் கொண்டால், ஊர்ப் பெயரைச் சேர்க்கப் பின்வரும் ஒரு வரியே போதும்:

$மலர்->ஊர் = "நாரந்தனை";

மாறிகளுக்கும் பண்புகளுக்கும் தமிழிலேயே பெயரிட இம்மொழி இடந்தருவதால், இவ்வரி எழுதியவாறே இயங்கும். அறிவிக்கப்படாத ‘ஊர்’ என்னும் பண்பு அக்கணமே உருவாகி, அதே வகுப்பிற் பிறந்த ஏனைய பொருள்களைத் தொடாது, அந்த ஒரு மலருடன் மட்டும் சேர்ந்துகொள்ளும். இதுவே ‘இயங்குநிலைப் பண்பு’ எனப்படும்.

இந்நெகிழ்வே பிழைக்கும் வழிவிடுகிறது. ‘ஊர்’ என்பதை ‘உர்’ எனத் தவறாகத் தட்டினால், பழைய பண்பு திருத்தப்படாமற் கிடக்க, புதிய பண்பொன்று முளைத்துவிடும். தமிழில் இவ்விடர் இன்னும் நுண்ணியது: ‘கோயில்’ என்பதிலுள்ள ஓகாரக் குறியை ஒருங்குறியில் ஒரே குறியீடாகவும், ஏகாரக் குறியும் காலும் சேர்ந்த இரு குறியீடுகளாகவும் எழுதலாம், கண்ணுக்கு இரண்டும் ஒன்றே எனினும், பெயர்களைப் பைட்டு பைட்டாக ஒப்பிடும் பி.எச்.பி.க்கு அவை இருவேறு பண்புகளாகும்.

இத்தகைய பிழைகள் மறைந்திருப்பதைத் தடுக்கவே, 2022 டிசம்பரில் வெளிவந்த 8.2ஆம் பதிப்பு முதல், அறிவிக்கப்படாத பண்பைச் சேர்க்கும்போது அவ்வழக்கம் கைவிடப்படவுள்ளது என்னும் எச்சரிக்கை எழுகிறது. எப்பண்பையும் ஏற்பதற்கென்றே அமைந்த ‘ஸ்டாண்டர்ட் கிளாஸ்’ என்னும் வெற்று வகுப்புக்கு இவ்வெச்சரிக்கை இல்லை. பிற வகுப்புகளுக்கு விலக்கு வேண்டுமாயின், வகுப்பின் தலைப்பில் அதற்கான குறிப்பை வெளிப்படையாக எழுதவேண்டும்.

ஆயினும், எல்லா மலருக்கும் ஊர் உண்டு என்பதால், அதனை வகுப்பிலேயே அறிவிப்பதே செம்மையான முறையாகும். பண்பின் பெயர் ஒரு குறியீட்டளவு பிசகினாலும், நாரந்தனை எனத் தேடுபவருக்கு அவ்வூரின் மலர் அகப்படாது.