அந்தியும் சந்தியும்



பணி ஓய்வு பெற்ற தலைமையாசிரியனை முதலில் வருத்துவது மணியோசை இல்லாத வீடு. முப்பத்து நான்கு ஆண்டுகள் மணியடித்தால் எழுந்தும், மணியடித்தால் அமர்ந்தும் பழகியவன் நான். கச்சிராயபாளையத்தில் என் இல்லத்திலும் அத்தகைய மணி ஒன்று ஒலித்துக்கொண்டிருந்தது என்பதை, என் மனைவியார் மறைந்த பின்னரே அறிந்தேன். விடியலில் அவர் வாசல் தெளிக்கும் ஓசை. மாலையில் விளக்கேற்றத் தீக்குச்சி உரசும் ஓசை. இவ்விரண்டும் நின்றுபோன வீட்டில் எனக்குப் பகலும் தெரியவில்லை, இரவும் தெரியவில்லை. நள்ளிரவு வரை விழித்திருந்து, வெயில் ஏறிய பின் எழுந்தேன். உடன் வாழும் பேரனோ கைப்பேசியும் கையுமாகக் கிடந்தான். கடிந்துகொண்டேன். "நீங்களுந்தானே தாத்தா முழிச்சிருக்கீங்க?" என்றான். விடை கூற இயலவில்லை.

'அந்தி சந்தி' என்று பெரியவர்கள் சேர்த்தே வழங்குவர். பகலும் இரவும் ஒன்றையொன்று சந்திக்கும் பொழுதுகள் அவை. அப்பொழுதுகளை ஒரு சிறு செயலால் குறித்து வைப்பது நம்மிடம் மிகப் பழைய வழக்கம். பத்துப்பாட்டுள் ஒன்றாகிய நெடுநல்வாடையில் நக்கீரர் ஒரு மழைக்கால மாலையைக் காட்டுகின்றார். முகில் மூடியமையால் பகலும் இரவும் வேறுபாடின்றிக் கிடக்கின்றன. தட்டில் இட்டு வைத்த பிச்சியரும்புகள் அவிழ்ந்து மணக்க, அதனாற் பொழுதறிந்த மகளிர் இரும்பு விளக்கில் திரியேற்றி, நெல்லும் மலரும் தூவி வணங்குகின்றனர். கதிரவன் மறைந்தாலும் பூவுக்குப் பொழுது தெரிகிறது!

இது கவிஞர் கற்பனையன்று. 1729ஆம் ஆண்டில் தெ மெரான் என்னும் பிரெஞ்சு அறிஞரின் ஆய்வொன்று வெளியாயிற்று. தொட்டாற்சிணுங்கிச் செடியை இருளில் அடைத்து வைத்தபோதும், பகற்பொழுதில் அதன் இலைகள் விரிந்தன, இரவில் குவிந்தன. பழ ஈக்களில் இத்தகைய உட்கடிகாரத்தை இயக்கும் மரபணுக்களை ஆராய்ந்தமைக்காக ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் ஆகிய மூவர்க்கும் 2017இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பெற்றது. மனிதர்க்கும் அஃது உண்டு. மூளையின் அடிப்புறத்தில், இரு கண்களின் நரம்புகளும் குறுக்கிடும் இடத்திற்குச் சற்று மேலே, ஏறத்தாழ 20,000 நரம்பணுக்கள் கொண்ட சிறு திரள் ஒன்று உறக்கம், பசி, உடல் வெப்பம் ஆகியவற்றிற்குப் பொழுது குறிக்கின்றது.

ஆனால் அக்கடிகாரத்தில் ஒரு குறை உண்டு. பெரும்பாலோரிடம் அதன் ஒரு சுற்று 24 மணி நேரத்தினும் சிறிது நீள்கின்றது. எங்கள் பள்ளிச் சுவர்க்கடிகாரமும் அவ்வாறே நாள்தோறும் பின்தங்கும். காலையில் வானொலிச் செய்தி தொடங்கும் வேளை பார்த்து முள்ளைத் திருப்பி வைப்பேன். உடலின் முள்ளைத் திருப்புவது காலை வெளிச்சம். மேகமூட்டமான நாளிலும் வெளியில் உள்ள ஒளி வீட்டு விளக்கினும் பன்மடங்கு மிகுதி. கதிர் எழும் வேளையில் வாசலில் குனிந்து நிமிர்ந்து கோலமிடுபவர் அறியாமலே அம்முள்ளைத் திருப்பி விடுகின்றனர்.

மாலையில் செய்ய வேண்டுவது இதற்கு நேர்மாறு. இருட்டிய பின்னும் மிகுந்த ஒளி, குறிப்பாக நீலங்கலந்த ஒளி, கண்ணிற் பட்டால் உறக்கத்திற்கு முன்னோடியாகச் சுரக்கும் மெலடோனின் குறைகின்றது. நல்லெண்ணெய் விளக்கின் சுடரோ மஞ்சள் நிறத்தது, சிறியது. விளக்கு நோய் தீர்க்கும் என்று நான் கூற வரவில்லை. பக்கத்தில் தொலைக்காட்சி அலற, கூடமெங்கும் குழல்விளக்கு எரிய, குத்துவிளக்கை மட்டும் ஏற்றிப் பயன் என்ன?

நம் நாட்டினர்க்கு இயற்கை ஒரு சலுகை அளித்துள்ளது. லண்டன் மாநகரில் குளிர்காலப் பகல் எட்டு மணி நேரத்திற்கும் குறைவு. கோடையிலோ பதினாறு மணி நேரத்திற்கும் மேல். எங்கள் ஊரிலோ ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வேறுபாடு ஒன்றரை மணிக்குள் அடங்கும். ஆதலால் விளக்கேற்றும் வேளை ஆண்டு முழுதும் பெரிதும் மாறுவதில்லை. மேற்கே கல்வராயன் மலை இருத்தலின், எங்களுக்கு அந்தி சற்று முன்னதாகவே வந்துவிடுகின்றது.

நாங்கள் மீண்டும் தொடங்கியது மிகச் சிறிதே. விடியலில் நான் வாசல் தெளித்துக் கோலமிடுகின்றேன். கரும்பலகையில் வட்டம் வரைந்த கைக்கு அரிசிமாவு எளிதில் வசப்படவில்லை. அண்டை வீட்டுப் பெண்மணிகள் நகைத்தனர். இப்பொழுது நான்கு புள்ளிக் கோலம் ஒருவாறு வருகின்றது. மாலை விளக்கு பேரனின் பொறுப்பு. ஏற்றியதும் கால் மணி நேரம் இருவரும் திண்ணையில் அமர்ந்திருப்போம். பேசவேண்டும் என்ற கட்டாயமில்லை. தொழுகையோ செபமோ அவ்வேளையில் நிகழும் வீடுகளுக்கு இது புதிதன்று. ஊதுவத்தி, இசைத்தட்டு, தியான வகுப்பு என்று பெருக்கிக்கொண்டே போனால் பத்தாம் நாள் அலுத்துவிடும். முதல் இரு வாரங்கள் எனக்கு எந்த மாற்றமும் தெரியவில்லை என்பதையும் மறைப்பதற்கில்லை. மூன்றாம் வாரத்தில் ஒரு நாள் பத்து மணிக்கே கண் அயர்ந்தேன். கைப்பேசி இரவு உணவுக்குப் பின் கூடத்து மாடத்தில் வைக்கப்படுகின்றது. பேரனுடையது மட்டுமன்று, என்னுடையதும்.

சென்ற ஐப்பசியில் ஒரு மாலை. அடைமழை. மலையும் தெரியவில்லை, மின்சாரமும் இல்லை, கூடத்துக் கடிகாரமும் நின்றிருந்தது. பேரன் திண்ணையிலிருந்து எதிரிலுள்ள புளியமரத்தை நோக்கினான். "இலை மூடிக்கிச்சு தாத்தா" என்று சொல்லி, எண்ணெய்க் கிண்ணத்தை எடுக்க உள்ளே சென்றான்.