பாட்டியின் பெயரில் ஒரு காணி

ஆடிக் காற்று வீசத் தொடங்கியதும் சேலம், நாமக்கல் சமவெளிகளின் மானாவாரிக் காடுகள் விதைப்புக்குக் காத்துக் கிடக்கும். அந்நாட்களில் வீட்டுத் திண்ணையில் கால் நீட்டி அமர்ந்து, முறத்தில் நிலக்கடலையை உடைத்துப் போட்டு, விதைக்கு ஆகும் பருப்பு எது, ஆகாதது எது என்று விரல் நுனியாலேயே பிரித்தெடுத்த முதியவள் ஒருத்தியை நம்மில் பலர் கண்டிருக்கிறோம். ஆயா, அப்பத்தா, அம்மாயி என்று வீட்டுக்கு வீடு பெயர் வேறு; அவள் வேலை ஒன்றே. கோழி கூவுமுன் எழுவாள். சாணி வழித்துக் கொட்டகையைத் துப்புரவாக்குவாள். மாடுகளுக்குத் தண்ணீர் காட்டுவாள். களி கிண்டி வைத்துவிட்டுக் களைக்கொத்தோடு காட்டுக்குச் செல்வாள். அந்தி சாய்ந்ததும் விளக்கேற்றி, பேரப்பிள்ளைகளைச் சுற்றிலும் இருத்திச் செபமாலை சொல்வாள். அனைவரும் உண்டபின், எஞ்சியதைத் தான் உண்பாள்.

இத்தனையும் செய்த அவளை உழவர் என்று நாம் என்றேனும் அழைத்ததுண்டா? தாத்தா விவசாயம் செய்கிறார், பாட்டி வீட்டில் இருக்கிறாள் என்றுதானே சொல்லிப் பழகினோம்? இவ்வினாவுக்கு விடை தேடுவோர், பாட்டி ஒருவரின் வாழ்வை அறிந்துகொள்வது நலம்.

நாமக்கல் மாவட்டத்துக் குமாரபாளையத்துக்கு எதிர்க்கரையில், பவானி நகரில், பவானி ஆறு காவிரியோடு கலக்கிறது. அவ்வாற்றை மேற்கே தொடர்ந்து சென்றால், கோவை மாவட்டத்தில் மேட்டுப்பாளையத்தை அடுத்துத் தேக்கம்பட்டி என்னும் சிற்றூர் வரும். பாப்பம்மாள் வாழ்ந்த ஊர் அது.

1914-ஆம் ஆண்டில் தேவலாபுரத்தில் பிறந்த அவர், இளமையிலேயே பெற்றோரை இழந்தார். அவரையும் உடன்பிறந்தாரையும் தேக்கம்பட்டியில் வளர்த்து ஆளாக்கியவர் அவர்தம் பாட்டியே. பாட்டிக்குப் பின் அவருடைய மளிகைக் கடை பாப்பம்மாளின் கைக்கு வந்தது. கடையோடு சிற்றுண்டிக் கடையும் நடத்தினார். அவற்றின் வருவாயைச் சிறுகச் சிறுகச் சேர்த்து, ஏறத்தாழ 10 ஏக்கர் நிலம் வாங்கினார். பிற்காலத்தில் ஒரு பகுதியை விற்று, எஞ்சிய 2.5 ஏக்கரளவில் வாழை, வெண்டை, பயறு வகைகள் எனப் பயிரிட்டார். இரசாயன உரத்தை விலக்கி, இயற்கை வேளாண்மையைக் கைக்கொண்டார். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தோடு நெருங்கிய தொடர்பு கொண்டு, அதன் விவாதக் குழுவுக்கு அமைப்பாளராகவும் விளங்கினார். ஊராட்சியிலும் காரமடை ஊராட்சி ஒன்றியத்திலும் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். நூறு வயதைக் கடந்த பின்னும் அவர் காலையில் தோட்டத்தில்தான் இருந்தார்.

2021 சனவரி 25-ஆம் நாள் அவருக்குப் பத்மசிறீ விருது அறிவிக்கப்பட்டது. ஆறு நாட்கள் கழித்து, சனவரி 31-ஆம் நாள், திருத்தந்தை பிரான்சிஸ் உலகத் திருச்சபைக்கு ஒரு புதிய நாளை அறிவித்தார். சூலை 26-இல் நினைவுகூரப்படும் புனித சுவக்கீன், அன்னா திருநாளை ஒட்டி, சூலை மாதத்து நான்காம் ஞாயிறு தாத்தா பாட்டியருக்கும் முதியோருக்கும் உரிய உலக நாளாயிற்று. இவ்விரண்டு அறிவிப்புகளுக்கும் தொடர்பு ஏதுமில்லை. ஆயினும், ஒரே வாரத்தில் நாடும் திருச்சபையும் பாட்டியரை நோக்கித் திரும்பியது நம் சிந்தைக்கு உரியதே. பாப்பம்மாள் 2024 செப்டம்பர் 27-ஆம் நாள் காலமானார்.

அவரை நாடு உழவர் என்று அறிந்தது எதனால்? உழைப்பினால் மட்டுமன்று. நம் பாட்டியரும் அவருக்குக் குறையாமல் உழைத்தவர்களே. குச்சிக்கிழங்குக் கரணை நட்டவர்களும், சோளக்கதிர் கொய்தவர்களும், கடலைக்கொடி பிடுங்கிக் காய் ஆய்ந்தவர்களும் அவர்கள் அல்லரோ? பாப்பம்மாளுக்கு ஒன்று கூடுதலாக இருந்தது. நிலத்தை அவரே தம் வருவாயில் வாங்கினார். என்ன விதைப்பது, எப்போது விற்பது என்பதை அவரே முடிவு செய்தார். நம் பாட்டியோ பிறந்த வீட்டில் தந்தையின் காட்டிலும், புகுந்த வீட்டில் கணவனின் காட்டிலும், முதுமையில் மகனின் காட்டிலும் உழைத்தாள். 2015-16 வேளாண்மைக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் நிலக் கைப்பற்றுகளை நடத்துவோரில் பெண்கள் 100-க்கு ஏறத்தாழ 14 பேரே. பயிர்க்கடனோ அரசின் உழவர் உதவித்தொகையோ நாடிச் சென்றால், முதலில் கேட்கப்படுவது நில ஆவணம். பட்டாவில் பெயரில்லாதவள் அங்கே வெறுங்கையோடு நிற்கிறாள்.

சட்டம் அவளை மறக்கவில்லை. கிறிஸ்தவக் குடும்பங்களுக்குப் பொருந்தும் 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி, கணவன் உயில் எழுதாமல் இறந்தால், பிள்ளைகள் இருக்கும் நிலையில், சொத்தில் மூன்றில் ஒரு பங்கு மனைவிக்கு உரியது. எஞ்சிய இரண்டு பங்கும் ஆண், பெண் வேறுபாடின்றிப் பிள்ளைகளுக்குச் சமமாகச் சேரும். ஆனால் பல வீடுகளில் நடப்பது என்ன? தாத்தாவின் முப்பதாம் நாள் திருப்பலி முடிந்த சில வாரங்களில் பாட்டியைப் பதிவு அலுவலகத்துக்கு அழைத்துச் செல்கிறோம். விடுதலைப் பத்திரத்தை அவளுக்குப் படித்துக் காட்டுவாரில்லை. கைநாட்டு வாங்கிக்கொள்கிறோம். அன்று முதல் அவள் மூத்தவன் வீட்டில் ஒரு மாதம், இளையவன் வீட்டில் ஒரு மாதம் என்று முறைச் சோறு உண்கிறாள். தான் களை பறித்த காட்டுக்கே விருந்தாளி ஆகிறாள். பெற்றோரையும் தாத்தா பாட்டியரையும் பேண வேண்டும் என்று 2007-இல் தனிச் சட்டமே இயற்ற நேர்ந்தது நமக்குப் பெருமையா?

பாட்டியைப் புகழ நாம் தயங்குவதில்லை. அவள் மறைந்தபின் படத்துக்கு மாலை இடுகிறோம். ஆண்டுதோறும் திருப்பலி ஒப்புக்கொடுக்கிறோம். இவை நன்றே. அவள் உயிரோடு இருக்கையில் செய்யத்தக்கவையும் உள்ளன. பாகப்பிரிவினை பேசும்போது அவளுக்கு உரிய பங்கை முதலில் சொல்லுங்கள். கையொப்பம் கேட்குமுன் பத்திரத்தை வரிவரியாகப் படித்துக் காட்டுங்கள். அவள் வேண்டாம் என்றால், வற்புறுத்தாமல் பத்திரத்தை மடித்து வையுங்கள்.

ஐக்கிய நாடுகள் பொதுச் சபை 2026-ஐ அனைத்துலகப் பெண் உழவர் ஆண்டாக அறிவித்தது. அவ்வுலக மரியாதை நம் வீட்டு வாசற்படியைத் தாண்டி உள்ளே வர வேண்டும். அடுத்த ஆடியில் பேரப்பிள்ளைகள் பாட்டியின் அருகே முறத்தோடு அமரட்டும். விதைப் பருப்பை அவள் எப்படி அடையாளம் காண்கிறாள் என்று கேட்டுக் கற்றுக்கொள்ளட்டும். பள்ளிக்கூடத்தில் யாரேனும் கேட்டால், எங்கள் பாட்டி உழவர் என்று தலைநிமிர்ந்து சொல்லட்டும்.