உறுதி எழுதுமுன்

சென்ற புரட்டாதியில் அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநிலத்திலிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. எழுதியவன் முன்னொரு காலத்தில் என்னிடம் நன்னூல் கற்ற மாணவன். இப்பொழுது அங்கே பண்டகசாலை ஒன்றில் வேலை செய்கிறான். "ஐயா, மகள் ஒரு கல்லூரியைப் பெரிதும் விரும்புகிறாள். இடங் கிடைத்தால் அங்கேயே சேர்வேன் என்று இப்பொழுதே கைச்சாத்திட வேண்டுமாம். நாம் கட்டவேண்டிய தொகையோ இன்னும் தெரியாது. என்ன செய்வது?" என்பது கடிதத்தின் சாரம்.

இலக்கணம் கற்பித்தவனிடம் கணக்குக் கேட்கிறானே என்று முதலில் நகைத்தேன். பின்னர் அறிந்தோரிடம் விசாரித்தேன்.

அந்நாட்டுக் கல்லூரிகள் பலவற்றின் பொதுமுறைப்படி, மாணவர் ஜனவரித் தொடக்கமளவில் பல இடங்களுக்கு விண்ணப்பிப்பர். மார்ச் இறுதியளவில் முடிவுகளும் நிதியுதவிக் கடிதங்களும் வரும். அவற்றை ஒப்புநோக்கி மே 1ஆந் திகதிக்குள் ஒன்றைத் தெரிவர். மற்றையது முன்முடிவு முறை. நவம்பர் முற்பகுதியில் ஒரேயொரு கல்லூரிக்கு இவ்வாறு விண்ணப்பிக்கலாம். டிசம்பர் நடுப்பகுதியில் முடிவு தெரியும். அனுமதி கிடைப்பின் ஏனைய விண்ணப்பங்களை மீளப் பெற்றுவிட வேண்டும். மாணவர், பெற்றோர், பாடசாலை ஆலோசகர் ஆகிய மூவரும் இதற்கு ஒப்பமிடுவர்.

இவ்வழியில் விண்ணப்பிப்போருள் அனுமதி பெறுவோர் வீதம் பல கல்லூரிகளிற் கூடுதலாதலால் ஆசை எழுவது இயல்பே. ஆயின், செல்வர் வீட்டுப் பிள்ளை இங்கே துறப்பது பிற கல்லூரிகளை மட்டுமே. வசதி குறைந்த வீட்டுப் பிள்ளையோ, பல கல்லூரிகள் தரும் உதவித்தொகைகளை அருகருகே வைத்துப் பார்க்கும் வாய்ப்பையும் துறக்கிறது. கைச்சாத்து ஒன்றே, அதன் விலை இருவருக்கும் ஒன்றன்று.

முன்விண்ணப்பம் வசதியுள்ளோருக்கே அனுகூலமாகிறது என்று கூறி, ஹாவார்ட், பிறின்ஸ்ரன் ஆகிய பல்கலைக்கழகங்கள் 2006இல் அதனைக் கைவிடுவதாக அறிவித்தன. 2011இல் இரண்டும் அதனை மீளக் கொணர்ந்தன. எனினும், சேர்ந்தேயாக வேண்டும் என்ற கட்டு அதில் இல்லை.

கட்டுள்ள இடத்திலும் ஒரு வாயில் உண்டு. நிதியுதவி கோரியவருக்குக் கிடைக்குந் தொகை அங்கே படிப்பதற்குப் போதாதெனின், அவர் உடன்படிக்கையிலிருந்து விடுபடலாம். ஆனால், அது போதுமா போதாதா என்ற வாதம் டிசம்பரில் எழும்; பிற கல்லூரிகளின் கடிதம் ஒன்றும் அப்பொழுது கையில் இராது.

நம்மூரிலே காணி எழுதும் பத்திரத்துக்கும் உறுதி என்று பெயர். கொடுத்த வாக்கில் நிற்பதற்கும் உறுதி என்று பெயர். விலை எழுதாத உறுதியில் நொத்தாரிசு முன்னிலையில் எவரேனும் கைச்சாத்திடுவரோ? ஆகவே மாணவனுக்கு இவ்வாறு எழுதினேன்: "கல்லூரிகளிற் பெரும்பாலானவை தம் இணையத்தளத்தில் நிகரச் செலவைக் கணிக்கும் கருவி வைத்திருக்க வேண்டுமென்பது 2011 முதல் அந்நாட்டுச் சட்டம். முதலில் மகளோடிருந்து அதிற் கணக்கிடு. அது மதிப்பீடே, ஐயமிருப்பின் நிதியுதவி அலுவலகத்தைக் கேள். வந்த தொகையை உன்னால் இறுக்க முடியுமாயின் ஒப்பமிடு. முடியாதாயின், வாக்குக் கொடாதிருப்பதே நேர்மை."

கணக்கிற் கண்ட தொகை அவன் வருவாய்க்கு எட்டவில்லை. பிள்ளை இரண்டு நாள் தகப்பனோடு பேசவில்லையாம். மூன்றாம் நாள் அவளே அக்கணக்குத் தாளை எடுத்துப் பார்த்துவிட்டு, அதே கல்லூரியோடு வேறு நான்கு கல்லூரிகளையுஞ் சேர்த்துப் பொதுமுறையில் விண்ணப்பிப்பதாகச் சொன்னாளாம். முடிவு பங்குனியில் வரும். அவளைப் போலவே நானும் தபாற்காரனை எதிர்பார்த்திருக்கிறேன்.