ஆறு பேர் பாடிய தேநீர்ப் பாட்டு

2018ஆம் ஆண்டு ஆடித் தபசன்று மாலை, சங்கரன்கோவில் பேருந்து நிலையத்தை அடுத்திருந்த தேநீர்க் கடை ஒன்றில் நாம் நின்றிருந்தோம். கோமதியம்மன் தபசுக் காட்சி காண வந்த மக்கள் வெள்ளம் தெருவெங்கும் நெருக்கிக்கொண்டிருந்தது. திருநங்கையர் இருவர் கடைக்கு வந்து, “அண்ணாச்சி, ரெண்டு டீ” என்று கேட்டனர். காசையும் முன்னதாகவே பலகைமேல் வைத்தனர். எமக்கும் எம்மோடு நின்ற மற்றவர்க்கும் கண்ணாடிக் குவளையில் ஊற்றிய கடைக்காரர், அவ்விருவருக்கு மட்டும் அடுக்கிலிருந்து இரண்டு காகிதக் குவளைகளை உருவினார். கடுஞ்சொல் ஏதும் அவர் சொல்லவில்லை. அவர்களும் முகம் சுளிக்கவில்லை. வாங்கிக்கொண்டு தெருவோரமாகப் போய் நின்று குடித்தார்கள்.

கடைக்காரரின் தலைக்குமேல் சரம் சரமாகத் தேயிலைப் பொட்டலங்கள் தொங்கின. அவற்றுள் புரூக் பாண்டு ரெட் லேபிளும் இருந்தது. அதைக் கண்டதும் எமக்கு ஒரு பாட்டு நினைவுக்கு வந்தது. அதைப் பற்றியே இங்கு எழுத விரும்புகிறோம்.

2016 ஜனவரியில் மும்பையில் ‘சிக்ஸ் பேக் பேண்ட்’ என்னும் பெயரில் ஓர் இசைக்குழு அறிமுகமாயிற்று. பிதா கான், கோமல் ஜக்தாப், ரவீனா ஜக்தாப், ஆஷா ஜக்தாப், சாந்தினி சுவர்ணாகர், பாவிகா பாட்டீல் ஆகிய அறுவரும் திருநங்கையர். யஷ்ராஜ் நிறுவனத்தின் இளைஞர் பிரிவான ஒய் பிலிம்ஸ் இக்குழுவை உருவாக்கிற்று. பணமும் பெயரும் தந்தது ரெட் லேபிள் தேயிலை. ஷமீர் தாண்டன் இசைப்பொறுப்பை ஏற்றார். அமெரிக்கப் பாடகர் பாரெல் வில்லியம்ஸ் 2013இல் வெளியிட்ட ‘ஹேப்பி’ என்ற பாடலை இந்தியில் மாற்றி, ‘ஹம் ஹை ஹேப்பி’ என்று பாடியதே இவர்களது முதற்பாடல். முன்னுரையாக நடிகை அனுஷ்கா சர்மாவின் குரல் ஒலித்தது. பின்னர் வந்த பாடல்களில் சோனு நிகம் சேர்ந்து பாடினார். ஹிருத்திக் ரோஷன் தோன்றினார்.

அதே ஆண்டு ஜூன் மாதம் பிரான்சின் கான் நகரில் நடந்த விளம்பர விழாவில், ஆண்-பெண் பேதங்களை எதிர்க்கும் விளம்பரங்களுக்கென்று ஏற்படுத்தப்பட்ட ‘கிளாஸ் லயன்’ பிரிவின் தலையாய பரிசு இம்முயற்சிக்குக் கிடைத்தது. அதற்கு முந்திய ஆண்டு, அப்பரிசு தொடங்கிய முதல் முறையிலேயே, அதைப் பெற்றதும் ஓர் இந்திய விளம்பரந்தான். செய்தித்தாள்கள் பாராட்டின.

பாராட்டில் நியாயம் இல்லாமலில்லை. நம் திரைப்படங்களில், தமிழ்ப் படங்களிலுந்தான், திருநங்கை என்றால் ஒன்று கேலி, அல்லது அருவருப்பு. அக்கேலிக்குத் திரையரங்கில் நாமும் சிரித்திருக்கிறோம், மறைப்பானேன்? அறுவர் நல்லாடை உடுத்து, நிமிர்ந்து நின்று, தம் பெயர் சொல்லிப் பாடியது இந்நாட்டில் சிறிய காரியமன்று. 1871ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டம் இவர்களைப் போன்றோரைப் பதிவேட்டில் எழுதிக் காவலரின் கண்காணிப்பில் வைத்தது. உச்ச நீதிமன்றம் இவர்களை மூன்றாம் பாலினத்தவராக ஏற்று, கல்வியிலும் வேலையிலும் இடஒதுக்கீடு தரச் சொன்னது 2014 ஏப்ரல் 15ஆம் நாளில். இடையே ஏறக்குறைய நூற்று நாற்பத்து மூன்று ஆண்டுகள்!

ஆயினும் எம் மனம் முழுதும் ஒப்பவில்லை. ‘நாங்கள் மகிழ்ச்சியாயிருக்கிறோம்’ என்பதே பாட்டின் பொருள். பதினைந்து பதினாறு வயதில் தந்தையின் அடிக்கும் அண்ணனின் வசைக்கும் அஞ்சி இரவோடிரவாக இரயிலேறியவர்களின் வாயில் அச்சொல்லை வைத்தது யார்? அவர்களே விரும்பிப் பாடியிருக்கலாம். மகிழ்ச்சி எவருக்கும் மறுக்கப்பட்டதன்று. ஆனால் கேட்பவர் பாட்டு முடிந்ததும், “நன்றாகத்தானே இருக்கிறார்கள்!” என்று எழுந்து போய்விட இடமுண்டல்லவா? 2018இல் அதே பெயரில் இரண்டாம் குழு ஒன்று வந்தது. அதில் பாடியவர்கள் வளர்ச்சிக் குறைபாடுடைய இளையோர். விளம்பரத்தின் இயல்பு அது. ஒரு கதவைத் தட்டியதும் அடுத்த கதவுக்குப் போய்விடும்.

தேயிலைக்கும் நமக்கும் உள்ள உறவையும் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். நூறாண்டுகளுக்கு முன் தேயிலை வணிகர் ஊர் ஊராகச் சென்று, இலவசமாகவே ஊற்றிக் கொடுத்து நம் மக்களைப் பழக்கினார்கள். பழகியபின் ஊருக்கு ஊர் தேநீர்க் கடை எழுந்தது. கூடவே இரட்டைக் குவளையும் எழுந்தது. தாழ்த்தப்பட்ட மக்களுக்குத் தனிக் குவளை. குடித்தபின் அவர்களே கழுவி வைக்க வேண்டும். தென்மாவட்டத்தாருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. யாரை உடன் சேர்க்கிறோம், யாரைத் தள்ளி வைக்கிறோம் என்பதை நம்மூரில் தேநீர்க் குவளையைப் போல் வெளிப்படையாகக் காட்டும் பொருள் வேறில்லை. ஒற்றுமையின் சுவை என்று தன்னை விளம்பரப்படுத்திக்கொண்ட தேயிலை, அதை அறிந்தோ அறியாமலோ, சரியான இடத்தில்தான் கை வைத்திருக்கிறது.

தமிழகம் இக்காரியத்தில் பிந்தியதன்று. 2008இல் திருநங்கையர் நல வாரியம் இங்கேதான் முதன்முதல் அமைந்தது. காதில் கேட்கக் கூசும் பழைய பெயர்கள் போய், ‘திருநங்கை’ என்ற சொல் வழக்கில் நிலைத்தது. 2017இல் பிரித்திகா யாஷினி காவல்துறை உதவி ஆய்வாளரானார். மதுரையில் பிறந்த நர்த்தகி நடராஜ் 2019இல் பத்மஸ்ரீ பெற்றார்.

ஆனால் வீடு? கொச்சி மெட்ரோ இரயில் நிறுவனம் 2017இல் இருபத்து மூன்று திருநங்கையருக்கு வேலை கொடுத்தது. நாடே புகழ்ந்தது. சில நாள்களிலேயே அவர்களிற் சிலர் வேலையை விட்டனர். இரவு தங்க வாடகைக்கு இடம் தருவாரில்லை என்பதே காரணம். சம்பளம் கொடுக்க ஒரு நிறுவனம் இருந்தது. திறக்க ஒரு கதவு இல்லை. அதே கொச்சியில், படிப்பை இடையில் விட்ட திருநங்கையர்க்கென 2016 டிசம்பரில் ஒரு பள்ளி தொடங்க இடம் தேடியபோதும் இதே கதைதான். முடிவில் இடமளித்தவர்கள் கார்மேல் அன்னை சபை அருட்சகோதரியர். விளம்பரமில்லாத அக்காரியத்துக்கு எவரும் பாட்டுக் கட்டவில்லை.

குடும்பப் பத்திரிகை வாசகர்களிடம் ஒன்று கேட்கத் தோன்றுகிறது. இப்பிள்ளைகள் வானத்திலிருந்து குதித்தவர்களல்லர். நம் வீடுகளில் பிறந்தவர்கள். ஞானஸ்நானப் பதிவேட்டில் பெயர் எழுதப்பட்டவர்களும் அவர்களுள் உண்டு. குடும்பப் படத்திலிருந்து ஒரு முகத்தை வெட்டி எடுத்த தாய்மார் நம் பங்கிலும் இருக்கக்கூடும்.

2019 ஆடித் தபசுக்கும் நாம் அவ்வூருக்குப் போனோம், அதே கடை. அவ்வாண்டு ஜனவரி முதல் நெகிழி பூசிய காகிதக் குவளைகளுக்கு அரசு தடை விதித்திருந்தது. திருநங்கையர் மூவர் வந்து டீ கேட்டனர். கடைக்காரர் மூன்று கண்ணாடிக் குவளைகளில் ஊற்றி வரிசையாக வைத்தார். எமக்கு வியப்பு. “காகிதக் குவளை வைப்பதில்லையா?” என்று மெல்லக் கேட்டோம்.

“அதைத்தான் அரசாங்கம் நிறுத்திட்டாங்களே சார். பிடிச்சா அபராதம்” என்றார்.

அம்மூவரும் கடைக்குள்ளேயே, எம்மருகில் நின்று குடித்தார்கள். குடித்து முடித்ததும் அவர்களுள் மூத்தவர், யாரும் சொல்லாமலே, மூன்று குவளைகளையும் தொட்டியண்டை கொண்டுபோய்த் தாமே கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனார்.