வட்டி விழுந்தது, ரயில் நின்றது

ரயில்வேயைத் தனியாரிடம் விடலாமா என்ற பேச்சு எழும்போதெல்லாம் ஜப்பானைக் கைகாட்டுவார்கள். டோக்கியோவுக்கும் ஒசாகாவுக்கும் இடையே நேரம் பிசகாமல் பறக்கும் ஷிங்கான்சென் அதிவேக ரயில்தான் அவர்களுக்குச் சாட்சி. வடக்கே ஹொக்கைடோ தீவைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை.

1987 ஏப்ரல் 1 அன்று தேசிய ரயில்வே ஆறு பயணிகள் நிறுவனங்களாகவும் ஒரு சரக்கு நிறுவனமாகவும் பிரிந்தது. அப்போது சுமார் 37 லட்சம் கோடி யென் கடன் சேர்ந்திருந்தது. ஏதாவது செய்தே தீர வேண்டிய நிலைமைதான். டோக்கியோ இருக்கும் ஹோன்ஷூ தீவின் நிறுவனங்கள் நன்றாகத் தழைத்ததும் உண்மை.

கோளாறு பிரித்த விதத்தில் இருக்கிறது. டோக்கியோவின் வரும்படி டோக்கியோவோடு நின்றது. பனி கொட்டும், ஆள் குறைந்த ஹொக்கைடோ தன் செலவைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டும். ஈடாக 68,220 கோடி யென் நிதி கொடுத்தார்கள். 7.3 சதவீத வட்டி வரும், அதில் நஷ்டத்தை அடைக்கலாம் என்று கணக்கு. 1990களில் நாட்டின் வட்டி விகிதமே படுத்துவிட்டது, அந்தக் கணக்கும் பொய்த்தது. இத்தனைக்கும் ஹொக்கைடோ ரயில் நிறுவனம் பெயரளவில்தான் கம்பெனி, பங்கெல்லாம் இன்னும் அரசின் கையில்.

என்னை அலைக்கழிப்பது அதற்குப் பின் நடந்ததுதான். 2015 ஜனவரியில் கடல் அலை ஹொக்கைடோவின் ஹிடாகா பாதையை அரித்தது. பந்தயக் குதிரை வளர்க்கும் வட்டாரம் அது. செப்பனிடும் செலவை யார் ஏற்பது என்று நிறுவனமும் ஊராட்சிகளும் வருடக்கணக்கில் பேசின. அதுவரை மாற்றுப் பேருந்து. 2021இல் முகாவா முதல் சமானி வரை 116 கிலோமீட்டரும் மூடப்பட்டது. ஃபுரானோ–ஷிந்தோகு பாதைக்கும் இதே கதி: 2016 ஆகஸ்ட் புயலில் பாதி அறுந்தது, 2024 மார்ச்சோடு முழுவதும் போனது. ‘பொப்போயா’ என்ற ஜப்பானியப் படத்தில் ஸ்டேஷன் மாஸ்டர் காத்து நின்ற இகுதோரா நிலையம் அந்தப் பாதையில்தான் இருந்தது. காசு இல்லாத ரயில்வேயில் எந்த ஊருக்கு ரயில் வேண்டும் என்பதை மழை தீர்மானிக்கிறது.

2016 நவம்பரில் 1,237 கிலோமீட்டரைத் தனியாகத் தாங்க முடியாது என்று நிறுவனமே அறிவித்தது. மொத்தப் பாதையில் அது ஏறக்குறைய பாதி.

ஹொக்கைடோவின் சப்போரோ நகர்வரை ஷிங்கான்சென் நீளும்போது ஒஷமாம்பே–ஒடாரு பாதையை மூடிப் பேருந்து விடுவதென 2022இல் முடிவானது. இப்போது அந்தப் பேருந்துகளை ஓட்டப் போதிய டிரைவர்கள் இல்லை. கார் ஓட்டுவதை விட்டுவிட்ட எண்பது வயதுக்காரர்கள் ஆஸ்பத்திரிக்கு எதில் போவார்கள்?