பிராசசருக்குள் ஒரு மயிலிறகு!

திருவண்ணாமலையில் செங்கம் சாலையோரம், ரமணாசிரமத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் மயில்களுக்குப் பஞ்சமே இல்லை. மதில் மேல் நிற்கும், மாடி மேல் நிற்கும். இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் பலர் நோட்டுக்குள் மயிலிறகு வைத்திருப்பார்கள், குட்டி போடும் என்று! அது குட்டி போடாது. ஆனால் வேறு ஓர் உபயோகம் உண்டு.

நீங்கள் கதைப் புத்தகம் படிக்கிறீர்கள். வாசலில் தபால்காரர் மணி அடிக்கிறார். படித்த இடத்தில் மயிலிறகை வைத்து மூடிவிட்டுப் போகிறீர்கள். தபாலை வாங்கிக்கொண்டு வந்து, விட்ட வரியிலிருந்து மறுபடி படிக்கிறீர்கள். உங்கள் பள்ளிக் கம்ப்யூட்டரும் இதைத்தான் ஒவ்வொரு விநாடியும் நூற்றுக்கணக்கான தடவை செய்கிறது.

கம்ப்யூட்டரின் மூளை பிராசசர். கட்டளைகளை ஒன்றன்பின் ஒன்றாகச் செய்துகொண்டே போகும். நீங்கள் கீபோர்டில் 'அ' என்று தட்டினால் அதற்கு எப்படித் தெரியும்? ஒவ்வொரு கட்டளைக்குப் பிறகும் கீபோர்டை எட்டிப் பார்க்கலாம்தான். ஆனால் ஒவ்வொரு வரி படித்ததும் வாசலுக்கு ஓடி, தபால்காரர் வந்தாரா என்று பார்த்தால் கதையை எப்போது முடிப்பது? அதனால்தான் மணி. கீபோர்டிலிருந்து சேதி வந்ததும் ஒரு மின் சைகை பிராசசருக்குப் போகிறது. அதற்குப் பெயர் 'இன்டரப்ட்'.

மணி அடித்ததும் உள்ளே என்ன நடக்கிறது? நம் சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் காமகோடி குழுவினர் உருவாக்கிய 'சக்தி' பிராசசரையே எடுத்துக்கொள்வோம். 'ரிஸ்க்-ஃபைவ்' என்னும் பொது விதிமுறைப்படி அமைந்தது அது. மணி அடித்ததும் அது மூன்று காரியம் செய்யும். எந்தக் கட்டளையில் நிறுத்தினோம் என்று அதன் முகவரியை ஒரு சின்னப் பெட்டியில் குறித்துக்கொள்ளும், இதுதான் மயிலிறகு! ஏன் நிறுத்தினோம் என்பதற்கான காரண எண்ணை இன்னொரு பெட்டியில் எழுதும். மூன்றாவது பெட்டியில் ஒரு முகவரி தயாராக இருக்கும்; நேராக அங்கே தாவும். அங்கே காத்திருப்பது 'கெர்னல்'.

கெர்னல் என்பது விண்டோஸ், லினக்ஸ் போன்ற இயங்குதளங்களின் நடுநாயகம். அது முதலில் செய்வது என்ன தெரியுமா? பிராசசரிடம் கணக்குப் போடும் பெட்டிகள் 32 உண்டு. ஒன்றில் எப்போதும் பூஜ்யம்தான். மற்ற 31-இல் இருப்பதையும் அப்படியே பத்திரமாக நகல் எடுத்துக்கொள்ளும். ஒன்று மாறிப்போனாலும், பாதியில் நின்ற புரோகிராம் திரும்ப வரும்போது தப்புக் கணக்குப் போடும். பிறகு காரண எண்ணைப் பார்த்து வேலையை முடித்து, 31-ஐயும் பழையபடி நிரப்பி, மயிலிறகு வைத்த இடத்துக்கே அனுப்பிவிடும். நடுவில் நின்றது அந்தப் புரோகிராமுக்குத் தெரியவே தெரியாது!

மணி வெளியிலிருந்துதான் வர வேண்டும் என்பதில்லை. "இந்த ஃபைலைத் திறந்து கொடுங்கள்" என்று புரோகிராமே கெர்னலைக் கூப்பிடலாம். அல்லது தனக்குச் சொந்தமில்லாத நினைவகத்தில் கை வைத்து மாட்டிக்கொள்ளலாம். எல்லாம் அதே வாசலுக்குத்தான் வந்து சேரும். இப்படித் தாவுவதற்கு 'டிராப்' என்று பெயர். பொறி என்று அர்த்தம். எலிப்பொறி நினைவுக்கு வருகிறதா?

ஒரு புரோகிராம் முடிவே இல்லாமல் ஒரே கணக்கைச் சுற்றிச் சுற்றிச் செய்தால்? மற்றவை எல்லாம் பட்டினிதான்! அதற்காகவே ஒரு கடிகார மணியும் உண்டு. லினக்ஸில் இது விநாடிக்கு 100 முதல் 1000 தடவை வரை அடிக்கும்படி வைப்பார்கள். மணி அடித்ததும் கட்டுப்பாடு கெர்னல் கைக்கு வந்துவிடும். "உன் முறை போதும், அடுத்தவன் வரட்டும்!" என்று அது சொல்லிவிடும்.

சரி, பொறியில் விழுந்த பிறகு என்ன செய்வது என்று சரியாக எழுதி வைக்காவிட்டால் என்ன ஆகும்? 1996 ஜூன் 4 அன்று, தென் அமெரிக்காவில் உள்ள பிரெஞ்சு கயானாவிலிருந்து ஏரியன்-5 ராக்கெட் முதன்முறையாகக் கிளம்பியது. ராக்கெட் சாயாமல் போகிறதா என்று கவனிக்கும் கம்ப்யூட்டர், ஒரு பெரிய எண்ணைச் சின்ன இடத்தில் அடைக்கப் பார்த்தது. அந்த இடத்தில் 32,767-க்கு மேல் அடங்காது. உடனே டிராப்! அங்கே எழுதி வைத்திருந்தது என்ன? 'தவறைச் சொல்லிவிட்டு நின்றுவிடு' என்பதுதான். அது நின்றது. உதவிக்கு இருந்த இன்னொரு கம்ப்யூட்டரிலும் அதே புரோகிராம். அது ஒரு கணம் முன்பே நின்றிருந்தது. கிளம்பி 40 விநாடிக்குள் ராக்கெட் நிலைதடுமாறி வெடித்தது. அதிலிருந்த நான்கு செயற்கைக்கோள்களும் போயின. நல்லவேளை, மனிதர் யாரும் அதில் இல்லை. அந்த எண்ணைக் கணக்கிட்ட பகுதி, பழைய ஏரியன்-4 ராக்கெட்டுக்காக எழுதப்பட்டது. புதிய ராக்கெட் பக்கவாட்டில் அதைவிட வேகமாகப் போனதால் எண் பெரிதாகிவிட்டது!

இப்போது சக்திக்கு வருவோம். 2018-இல் அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் உள்ள இன்டெல் ஆலையில் முதல் சக்தி சிப்கள் தயாராகி வந்தபோது, அவற்றில் லினக்ஸை ஓடவிட்டுப் பார்த்தார்கள். ஓடியது! சாதாரணச் சோதனை என்று நினைக்காதீர்கள். ஒரு டிராப் தவறாகத் திரும்பினாலும் லினக்ஸ் பாதியில் படுத்துவிடும். 2025-இல் இஸ்ரோவுடன் சேர்ந்து விண்வெளி வேலைக்காகவே ஒரு சக்தி சிப்பைச் செய்து காட்டினார்கள். அதைத் தயாரித்தது சண்டிகரை அடுத்த மொகாலியில் உள்ள நம் நாட்டு ஆலைதான்.

உங்கள் வீட்டிலோ பள்ளியிலோ விண்டோஸ் கம்ப்யூட்டர் இருந்தால், கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் வரும். அந்தப் பட்டியலில் 'சிஸ்டம் இன்டரப்ட்ஸ்' என்ற வரியைத் தேடுங்கள். பக்கத்தில் மிகச் சிறிய எண்தான் இருக்கும், சில சமயம் பூஜ்யமே காட்டும். இத்தனை மணிகளுக்கும் எழுந்து போய் வர, பிராசசர் செலவழிக்கும் நேரம் அவ்வளவுதான்!